ஆளில்லாத ஊரில் திருவிழா

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். மனைவியின் அக்காவும் அவள் கணவரும் அதே கட்டடத்தில் மூன்று மாடி மேலே. அந்த மனிதர், என் சகலன், லண்டனில் இரண்டு வருடம் படித்தவர். அந்த இரண்டு வருடத்தை வைத்துத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். எதையும் "நான் ஐரோப்பாவிலை இருக்கேக்கை" என்றுதான் தொடங்குவார். லண்டனைத் தாண்டி அவர் ஓர் அடிகூட வைத்ததில்லை என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் வண்ணப் புத்தகம் ஒன்றை விரித்தார். அட்டையில் பூமுடி அணிந்த பெண்கள் ஒரு கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டொக்ஹோம்," என்றார். "யூன் மாசம் அவையின்ரை கோடைத் திருவிழா. முழுச் சிற்றியும் றோட்டிலை நிண்டு ஆடும். நாலு பேரும் போறம்."

"நயாகராவையே இன்னும் ஒழுங்காப் பாக்கேல்லை, அண்ணை," என்றேன்.

"நயாகராவுக்கு ஆர்தான் போகேல்லை? உதெல்லாம் ஒரு பயணமே?"

விஷயம் அவ்வளவுதான். நம்மவர் யாரும் போகாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. என் மனைவிக்கு அக்காவுடன் போக ஆசை. எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அப்படிப் போயிற்று.

திருவிழாவுக்கு முதல் நாள் பகலில் போய் இறங்கினோம். வீதிகளில் ஒரு சனமில்லை. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஹோட்டலில் இருந்த இளம்பெண் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: "இன்றைக்கு எல்லோரும் ஊர்ப்புறம் போய்விடுவார்கள். இந்தத் திருவிழாவுக்கு நகரத்தில் யாரும் நிற்பதில்லை."

சகலன் வண்ணப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "அப்படியென்றால் இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "இது ஒரு கிராமம்," என்றாள்.

அன்று முழுக்க வெறும் வீதிகளில் நடந்தோம். ரயில் நிலையத்தில் திறந்திருந்த ஒரே கடையில் பாணும் சீஸும் வாங்கி, அங்கே கிடந்த நீள மர வாங்கில் வரிசையாக இருந்து தின்றோம். சகலன் அப்போதும் வாயை மூடவில்லை. "ஐரோப்பியன் அமைதியை விரும்பிறவன்," என்று எங்களுக்கு விளக்கினார்.

அடுத்த நாள், பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு பெரிய தோட்டத்தில் கம்பம் நட்டு ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். ஆடத்தான் ஆடினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வளர்ந்த மனிதர்கள் தவளை மாதிரிக் குந்திக் குந்திப் பாய்ந்தார்கள். சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிக்கு மேல் எங்களைப் போலக் கமராவோடு வந்தவர்கள். எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இளக்காரம் என்றால் புத்திசாலித்தனம் என்று நினைத்த வயது எனக்கு.

சகலன் ஒரு பூமுடி வாங்கி வழுக்கைத் தலையில் வைத்துக்கொண்டு கமராவை என்னிடம் நீட்டினார்.

"குடையள் தெரியாமல் எடும். சனம் நிறைஞ்சு நிக்கிற மாதிரி வரவேணும்."

எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்து இரண்டு மாதத்தில் அவர் வீட்டில் படக்காட்சி வைத்தார். இருபது பேர் வந்திருந்தார்கள். சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் பூமுடியோடு அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"முழுச் சிற்றியும் றோட்டிலை," என்றார். "கால் வைக்க இடமில்லை."

"கடையள் திறந்திருந்ததோ?" என்று வந்திருந்த பெண்களில் ஓர் அன்ரி கேட்டார்.

"பின்னே! விடிய விடியத் திறந்திருந்தது. என்ன தம்பி, நீரும் கண்டனீர்தானே?"

வடைத் தட்டோடு நின்ற அவர் மனைவி நிலத்தைப் பார்த்தாள். நான் "ஓம் அண்ணை" என்றேன்.

அடுத்த வருடம், எங்கள் கட்டடத்திலேயே இருந்த ஒரு கணக்காளர் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உண்மையாவே அவ்வளவு நல்லா இருக்குமோ? பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறன்." எங்கள் மாடி வரும்வரை நேரம் இருந்தது. "நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அவர்கள் போனார்கள், வந்தார்கள். பிறகு எங்களைப் படக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். என்னை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போடப்போகிறார் என்று பயந்துகொண்டுதான் போனேன். கணக்காளர் விளக்கை அணைத்தார். "முழுச் சிற்றியும் றோட்டிலை," என்று தொடங்கினார். அவர் பிள்ளைகள் ஒரு மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். என் பக்கத்தில் சகலன் பெருமையோடு தலையாட்டினார். அவர் சொன்ன பொய் அவருக்கே உண்மையாகிவிட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தக் கணக்காளரிட்டை முதலே உண்மையைச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"இப்ப ஆருக்கு என்ன நட்டம்? எல்லாரும் சந்தோசமாத்தானே இருக்கினம்."

"அந்தப் பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?" என்றாள்.

நான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுப் படக்காட்சிக்கும் வரவில்லை. நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.