அவர் ‘அவன்’ ஆன ஞாயிறு

வாசகர் வட்டத் தலைவர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. உட்காரும் நாற்காலிக்கு நடுப்பகுதியும் கிடையாது. கோவில்பட்டியில் எங்கள் நூலகத்து ஒயர் நாற்காலி பிய்ந்து கிடந்ததால், நாளிதழ்களை அடுக்கி அதன்மேல்தான் உட்காருவேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். மனைவி போனபின் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கூட்டங்களுக்கு ‘மர்மக் கதைகளின் வரலாறு’ என்று தலைப்பும் வைத்தேன். கூட்டம் நடத்தி அசடு வழிந்தவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு என்மேல் இரக்கம் வராது.

சந்தேகம் கேட்டவர்

முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். அது தெரியாமல், ராஜா கதையில் காணாமல் போன மோதிரம் பிற்காலத்தில் பங்களாவில் காணாமல் போன உயிலாக மாறியதை உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். நாகலாபுரத்திலிருந்து உரம் வாங்க வந்த விவசாயச் சம்சாரி ஒருவர் மட்டும் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று தெம்பு வந்தது. பேசி முடித்து, “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்று அவரைப் பார்த்தேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணாச்சி, மழை வருமான்னு போட்டிருக்கிற பேப்பர் மேல உக்காந்திருக்கீய. கொஞ்சம் எந்திரிச்சீயன்னா பாத்துக்கிடுவேன்.”

மச்சினருக்கு மரியாதை

அடுத்த வாரம் ஒரு பழைய நாவலை, கொலைகாரனைச் சொல்லாமல், வாய்மொழியாகச் சொன்னேன். பணக்காரர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். டாக்டர், வக்கீல், மச்சினர் மூவர்மேலும் சந்தேகம். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரியவரை ‘அவிய’ என்போம். டாக்டர் அவிய வந்தாவ, வக்கீல் அவிய போனாவ என்று கதை நன்றாகத்தான் போனது. பாதியில் வசந்தா டீச்சர் சிரித்துவிட்டார். ஓய்வு பெற்றும் காது ஓயாதவர்.

பழைய கதைகளில் இது வழக்கமான சங்கடம்தான். நல்லவர் ‘வந்தார்’, கெட்டவன் ‘வந்தான்’ என்று ஆசிரியரே காட்டிக்கொடுத்துவிடுவார். பின்னால் வந்தவர்கள் சுதாரித்துக்கொண்டு கொலைகாரருக்கும் கடைசிவரை ‘ஆர்’ போட்டார்கள். இதை வரலாறாகச் சொல்ல வேண்டிய நானே அந்தக் குழியில் விழுந்திருந்தேன். டீச்சர் சொன்னது:

“அண்ணாச்சி, டாக்டர் வந்தாவ, வக்கீல் போனாவ, மச்சினன் மட்டும் வந்தானா? பொறவு எதுக்கு போலீஸு?”

எச்சில் விரல்

மூன்றாவது வாரம் வீட்டிலிருந்து ஒரு பொக்கிஷத்தை எடுத்துப் போனேன். வாரப் பத்திரிகையில் வந்த மர்மத் தொடர் ஒன்றை என் மனைவி வாராவாரம் பிரித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தாள். அவள் கை பட்டதென்று வீட்டில் மிஞ்சியிருந்தவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

எட்டயபுரம் பஸ் கண்டக்டர் முத்துப்பாண்டி எங்கள் வட்டத்தில் உண்மையாகவே படிக்கிறவர். ஆசையாக வாங்கி, டிக்கெட் கிழிக்கிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தபடியே வாங்கி ஓரமாக வைத்தேன். அதற்குள் முடிவு சரியா தவறா என்று விவாதம் சூடுபிடித்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் பார்த்தால் மேஜையில் புத்தகம் இல்லை. அலமாரியிலும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நூலகரம்மாவிடம் சொன்னேன்: “முத்துப்பாண்டி பையைப் பாத்தியளா? கனமா இருந்துச்சு. அவன்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்.”

அவர் முகம் மாறியது. திரும்பினேன். மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்த முத்துப்பாண்டி வாசலில் நின்றார். பையை மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பாவும் ஒரு துண்டும் விழுந்தன.

“போன வாரம் வரைக்கும் எனக்கு ‘அவர்’ போட்டீய அண்ணாச்சி. இன்னைக்கு ‘அவன்’னு ஆயிட்டு. அப்ப கொலைகாரன் நான்தானா?”

எட்டயபுரம் பஸ்

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்காலி ஆடியதால் நாளிதழ்களைச் சரி செய்யலாம் என்று தூக்கினேன். அடியில் பழுப்பு அட்டை. எச்சில் விரலுக்குப் பயந்து, விவாதச் சூட்டில் நினைவில்லாமல் நானே அதைச் செருகியிருக்கிறேன். அதன்மேல் உட்கார்ந்துகொண்டேதான் ஒரு மனிதரைத் திருடன் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எட்டயபுரம் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். இன்ஜின் சத்தத்தில் கத்த வேண்டியதாயிற்று. “தப்பு என்மேலதான் தம்பி. புத்தகம் என் நாற்காலியிலதான் இருந்துச்சு. அதுமேலதான் உக்காந்திருந்தேன். இந்தாங்க, நீங்க படிச்சிட்டுத் தாங்க” என்று நீட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். விரலை நாக்கருகே கொண்டுபோனவர், சட்டென்று சட்டையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். முன் சீட்டுப் பையனைத் தட்டி எழுப்பிச் சொன்னார்:

“ஏலே, எந்திரி. அண்ணாச்சி அவியளுக்கு இடம் விடு. உக்காருமுன்ன சீட்டுல என்ன கிடக்குன்னு ஒரு தடவை பாத்துக்கிடச் சொல்லு.”

இத்தனை மர்மக் கதைகள் படித்து நான் கற்ற துப்பறியும் கலை இவ்வளவுதான்: ஒருவரை ‘அவன்’ என்று சொல்லுமுன் முதலில் எழுந்து நிற்க வேண்டும்.