கால் முதலில், நுனி கடைசியில்

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குள் கோல்ஃப் மட்டை நுழைந்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அப்பா, முதுகொடிய உழைத்து சூப்பரின்டென்டென்ட் வரை வந்திருந்தார். அதற்கு மேலே உதவி மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்விட்டாலும் அவருடைய வழக்கங்கள் போகவில்லை. புதிதாக வந்த நம்மூர் மேனேஜரும் ஞாயிறுதோறும் கிண்டியில் கோல்ஃப் ஆடினார். யாரை மேலே தூக்கிவிடுவது என்பதை அங்கேதான் முடிவு செய்வார் என்று ஆபீஸில் பேச்சு. அவர் அப்பாவையும் ஆட வரச் சொல்லி, பழகிக்கொள்ள ஒரு பழைய மட்டையும் இரண்டு பந்துகளும் கொடுத்திருந்தார். மூன்று வாரம் தவணை.

அப்பா கொல்லையில் நின்று வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டை தரையைக் கொத்தியது. மறுபடி வீசினார், மறுபடி கொத்தியது. பார்ப்பதற்குப் பாம்பு அடிக்கிறவர் மாதிரி இருந்தார். இரண்டாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டு தைலத்தோடு படுத்துவிட்டார்.

கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். சாக்பீஸ் இல்லாமல் அவருக்குப் பேச வராது. கொல்லைத் தரையில் படம் போட்டார். தோளிலிருந்து தொங்கும் கை ஒரு ஊசல், மணிக்கட்டிலிருந்து தொங்கும் மட்டை இன்னொரு ஊசல். கனமானது முதலில் திரும்பும். அது நிதானிக்கும்போது தன் வேகத்தை லேசானதிடம் கொடுத்துவிடும். கால் தரையை அழுத்த வேண்டும், அப்புறம் இடுப்பு, தோள், கை, மணிக்கட்டு என்று வேகம் படிப்படியாக ஏறி மட்டையின் நுனிக்குப் போக வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பினால் நுனிக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்பா எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு மறுபடியும் தரையைக் கொத்தினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு நனைந்த போர்வையோடு கிணற்றடிக்கு வந்து, துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தாள். சித்தப்பா சாக்பீஸைக் கீழே போட்டார்.

"அண்ணா, மன்னி தோய்க்கறதப் பாரு. கால் முதல்ல அழுந்தறது, உடம்பு திரும்பறது, கை அப்புறம்தான் வரது. போர்வையோட நுனி கடைசியில. நான் போட்ட படம் அப்படியே இருக்கு பாரு. மன்னி, இன்னொரு தரம் அடிங்கோ."

"எனக்கு இன்னும் நாலு வேஷ்டி கெடக்கு" என்றாள் அம்மா. ஆனாலும் அடித்துக் காட்டினாள். அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும். அப்பா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் அப்பா கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தானே போர்வையை நனைத்து, கல்லில் அடிக்க ஆரம்பித்தார். நான் கதவுச் சந்து வழியாகப் பார்ப்பேன். இருபது தடவை போர்வை, இருபது தடவை மட்டை. மூன்றாவது வாரம் பந்து மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுத் தென்னைமரத்தில் போய் மோதியது. இதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் ஆடி முடித்ததும் மேனேஜரே தம் காரில் அப்பாவைக் கொண்டுவந்து விட்டார். காப்பி சாப்பிட உள்ளேயும் வந்து உட்கார்ந்தார்.

"முதல் நாளே இப்படி அடிச்சவங்களை நான் பார்த்ததில்லை சார். எங்கே கத்துக்கிட்டீங்க?"

"ஏதோ ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் சார், லைப்ரரிலேர்ந்து" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்குச் சேர வேண்டிய புகழ் யாருக்கோ போகிறதே.

"புஸ்தகம் இல்லே மாமா. அம்மா துணி தோய்க்கறதப் பாத்துத்தான் கத்துண்டார். தினம் கார்த்தால அப்பாவும் போர்வை தோய்ப்பார்."

மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மேனேஜர் என் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரப் பெண் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஆபீஸ் முழுக்க அப்பாவுக்கு 'டோபி' என்று பெயர் விழுந்ததை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சித்தப்பா சொன்னார். பியூன்வரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். துணி வெளுப்பதைக் கேவலம் என்று நினைத்த கூட்டம் அது. எங்கள் வீடும் அதில் சேர்த்திதான். பேர் கெட்ட ஆளை மேலே உட்காரவைத்தால் கீழே இருப்பவன் மதிக்க மாட்டான் என்று மேனேஜர் வருத்தத்தோடு சொன்னாராம். நாற்காலி அப்பாவுக்கு ஜூனியராக இருந்தவருக்குப் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் வலித்திருக்காது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அப்பா மட்டையைப் பழைய வேஷ்டியில் சுற்றிக்கொண்டிருந்தார், மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்காக. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த தரம் கிண்டிக்கு என்னையும் அழைத்துப் போக வேண்டும் என்று நச்சரித்தேன். அவர் என் தலையைத் தடவினார்.

"இனிமே ஞாயித்துக்கிழமைன்னா அப்பா ஆத்துலதாம்மா இருப்பேன்."

நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, தெரு முழுக்க வீடு வீடாக ஓடி அந்த நல்ல சேதியைச் சொல்லிவிட்டு வந்தேன்.