பெயருக்கு விட்ட இடம்

போன மழைக்காலத்தில் என் மகள் லில்லிக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். நம் சபையில் இத்தனை வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவள் நான். அன்றைக்கு ஒரு பாட்டின் முதல் அடிகூட ஞாபகத்துக்கு வராமல் வராந்தாவில் நின்றேன்.

கர்த்தர் லில்லியைத் திருப்பிக் கொடுத்தார். உங்களைக் காக்க வைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் யார் கேட்டுக் கொடுத்தார், எந்தப் பெயரைக் கேட்டுக் கொடுத்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரே குழப்பம். தெளிந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். தெளிகிற வழியாக இல்லை. அதனால் குழப்பத்தோடேயே எழுதுகிறேன்.

கியாக்டடா பேட்டையில் எங்கள் கட்டடத்தின் கீழே ஊ சாலமோன் குடைக்கடை வைத்திருக்கிறார். யூதர்; பெயருக்கு முன்னால் வரும் ‘ஊ’ பர்மிய மரியாதை. லோஞ்சி கட்டி, வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் பர்மாக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். தமிழர் கடைகளுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். வெளிநாட்டார் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் ஜெபாலயத்தில் ஓய்வுநாளில் கொஞ்சம் கூட்டம் இருக்கும். நாட்டு நிலைமை கெட்ட பிறகு அந்தக் கூட்டமும் நின்றது. மிஞ்சியது நாலைந்து பேர்.

லில்லி படுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், மின்சாரம் போன ஒரு மத்தியானம், அவர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர் என்பதற்குப் பர்மியத்தில் சொல்கிற ‘சயாமா’தான் அவர் வாயில் என் பெயர்.

“சயாமா, சீக்காளிகளுக்காகச் சொல்ற ஜெபம் ஒண்ணு எங்களுக்கு இருக்கு. எங்கப்பா அதை ராகம் போட்டுப் பாடுவார். நான்தான் காதுல வாங்கிக்கலை. இப்ப நான் சொன்னா ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கு. காலம் இப்படிக் கிடக்குது, சொல்ல வேண்டிய பேரு கூடிக்கிட்டே போகுது. புதுசா ஒரு மெட்டுப் போட்டுக் குடுங்களேன்.”

எபிரேய வார்த்தைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். முதலில் நான் போட்ட மெட்டைக் கேட்டுவிட்டு, “சீக்காளி பயந்துடுவாரே!” என்றார். உண்மைதான், நம் அடக்க ஆராதனைப் பாட்டின் சாயல் அதில் இருந்தது. அடுத்தது கிறிஸ்மஸ் பாட்டாகப் போய்விட்டது. மூன்றாவதை அவரும் தலையாட்டி ரசித்தார். கீபோர்டில் அழகாக ஒரு முன்னிசையும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் மெதுவாகச் சொல்கிறார், ஓய்வுநாளில் அவர்கள் வாத்தியத்தைத் தொட மாட்டார்களாம், வாய்ப்பாட்டு மட்டும்தானாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா மனுஷன்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாட்டின் நடுவில் நோயாளியின் பெயர் வர வேண்டும். நான் நம் வழக்கப்படி அப்பா பெயரின் இனிஷியலுக்கும் ஒரு பெயருக்கும் அளவாக இடம் விட்டிருந்தேன்.

“அப்பா பேரு வேணாம் சயாமா. சீக்காளிக்கு அம்மா பேருதான். இன்ன அம்மா பெத்த இன்னார்னு சொல்லணும்” என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தை நீட்டிக் கொடுத்தேன்.

பிறகுதான் லில்லி படுத்தாள். வெள்ளிக்கிழமை ஊ சாலமோன் இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “நாளைக்குக் காலையில நம்ம பாட்டை முதல் தடவையாப் பாடப் போறேன், லில்லிக்காக. நீங்களும் வாங்க. லில்லி, எஸ்தர் பெத்த மக. சரிதானே?” என்றார்.

எஸ்தர் நான்தான். பெற்ற மகள் என்பதில்தான் சிக்கல்.

சபையில் மூத்தவர்கள் சிலருக்குத் தெரிந்ததுதான். லில்லி என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. நாங்கள் இன்சீனில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவளும் எங்கோ போய்விட்டாள். இது லில்லிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

என் பெயரைச் சொல்லி வேண்டினால் உதவி வேறு யாருக்காவது போய்விடுமோ? அஞ்சலையின் பெயரைச் சொன்னால் அப்புறம் நான் யார்? சிரிக்காதீர்கள். பிள்ளை உள்ளே கிடக்கும்போது புத்தி இப்படித்தான் வேலை செய்யும். ஊ சாலமோனிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

அவர் கையில் இருந்த குடையின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் தெரியலை சயாமா. எங்கப்பா இருந்தா கேக்கலாம். இப்ப கேக்க ஆளில்லை. ரெண்டு பேரையும் பாடுவோம். மேலே இருக்கிறவர் பாத்துக்கட்டும்.”

இரண்டு அம்மாக்களுக்கு மெட்டில் ஏது இடம்? கீபோர்டு இல்லாமல், ஆஸ்பத்திரி பெஞ்சில், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு முனகி முனகி இன்னொரு முறை நீட்டினேன். என் பெயரில் கீழே நின்ற மெட்டு அஞ்சலையின் பெயருக்கு மேலே ஏறியது. ஏன் அப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெரிய ஜெபாலயத்தில் நாங்கள் ஐந்து பேர். பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்கள் முறை முழுதாகுமாம். பத்துக்கு எங்கே போவது? இருக்கிறவர்களோடு ஊ சாலமோன் பாடினார். அஞ்சலையின் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. நான் சேர்ந்து பாடிவிட்டேன். வேறொரு கோவிலில், புரியாத பாஷையில், லில்லி படுத்த பிறகு முதல் தடவையாக என்னால் ஜெபிக்க முடிந்தது.

அன்று சாயங்காலம் தட்டணுக்கள் இறங்குவது நின்றது. மறுநாள் ஏறத் தொடங்கின. டாக்டரம்மா, டெங்குவில் சிலருக்கு இப்படித் திரும்பும் என்றார். நீங்கள் எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். எங்கள் எதிர்வீட்டுப் பர்மிய அம்மா புத்தர் கோவிலில் விளக்கேற்றினாராம். இதில் யாருக்கு வந்த பதில் என்று நான் எப்படிப் பிரிப்பேன்? எல்லாருக்கும் என் நன்றி. கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

வீட்டுக்கு வந்த பிறகு லில்லி, “எனக்காகப் பாடினீங்களாமே, எங்கே, பாடும்மா” என்றாள். அந்த ஒரு பெயரைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அதை விட்டால் மெட்டு நிற்கவில்லை. வாய் தானாகப் பாடிவிட்டது.

“எஸ்தர் நீ. அஞ்சலை யாரும்மா?”

சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி கொடுத்தால் குடித்தாள், பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பயந்ததைவிட அதிகமாக இப்போது பயந்தேன். ஆண்டவரே, உயிரைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டீரா என்று கோபமாகவே கேட்டேன்.

சில நாள் கழித்து, நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, அவள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

“அம்மா, அஞ்சலையம்மாவோட அம்மா பேரு என்ன?”

“தெரியாதேம்மா. எதுக்கு?”

“அவங்களுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கோ? பாடணும்னா அவங்கம்மா பேரு வேணுமில்ல?”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது தினமும் நானும் லில்லியும் அஞ்சலைக்காக அந்தப் பாட்டைப் பாடுகிறோம். அவளுடைய அம்மாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் இழுக்கிறோம். ஊ சாலமோனும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பெயர் தெரியாமல், கேட்க ஆளில்லாமல், உங்களிலும் யாராவது ஜெபிக்கத் தயங்கி நின்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மூன்றாவது மாடி. மெட்டை நான் சொல்லித் தருகிறேன்.