சின்னம்மாவும் பங்கர் எலியும்

எங்கள் சின்னம்மாவுக்கு ஷெல்லுக்குப் பயமில்லை, எலிக்குத்தான் பயம் என்று ஊர் முழுக்கக் கதை. அந்தக் கதையைப் பரப்பியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. சித்தப்பாவோடு எங்கள் வளவிலேயே இருந்தார். சித்தப்பாவுக்குக் கடல் தொழில். விடியப் போனால் மத்தியானம்தான் வருவார். சண்டைக் காலம் என்பதால் வளவின் பின்பக்கம், வயலை ஒட்டி, ஷெல் விழுந்தால் ஒளிய அப்பா ஒரு பங்கர்க் குழி வெட்டியிருந்தார். ஊரில் எல்லாரும் கடற்கரை மணலை உரப்பைகளில் நிரப்பி மேலே அடுக்கினார்கள். அப்பா மட்டும் மணல் ஒழுகிவிடும் என்று சொல்லிப் பக்கத்து வரம்பையே வெட்டி நிரப்பினார். வரம்பில் குடியிருந்தவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடியிருந்தது வயல் சுண்டெலி. என் பெருவிரல் அளவு உடம்பு, வெள்ளை வயிறு, மிளகு போலக் கண்கள். வீட்டு எலி மாதிரிச் சட்டிக்குள் தலை விடுகிற சாதியில்லை. வரம்பில் வளை தோண்டி, விடிந்ததும் உள்ளேயிருந்தபடியே மண்ணுருண்டையால் வாசலை அடைத்துவிட்டுப் படுக்கும். வரம்பு போனதும் அது பங்கர்ச் சுவரில் வளை போட்டுக்கொண்டது. நியாயம்தானே, அதன் வரம்பு இப்போது அங்கேதான் இருந்தது!

அக்கரையில் ஷெல் அடிக்கிற சத்தம் ‘டும்’ என்று கேட்டால் நாங்கள் விழுந்தடித்து உள்ளே ஓடுவோம். சின்னம்மா மட்டும் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒழுங்கையைப் பார்த்தபடி பங்கர் வாசலில் நிற்பார்.

“உள்ளுக்கு வாடி!” என்று அம்மா கத்துவார்.

“ஏலாது அக்கா, அதுக்குள்ள எலி கிடக்கு.”

“ஷெல் விழுந்தாச் செத்துப்போவாய்!”

“எலி ஏறினாலும் செத்துத்தான் போவன்.”

எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிற சின்னம்மா ஓர் எலியால் சாகப்போகிறாரே என்று எனக்கு நெஞ்சு பதறியது. எலியைப் பிடித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் தேங்காய்ச் சொட்டைப் போட்டு, அரை நாள் மூச்சுவிடாமல் குந்தியிருந்து பிடித்தேன். உதவிக்கு வந்த அப்பாவின் விரலில் அது ஒரு கடி கடித்தது. தூரத்து வரம்பில் விட்டுவிட்டு வந்து சொன்னேன்.

சின்னம்மா யோசித்தார். “அதுக்குச் சோடி இருக்குமே.”

சோடியையும் பிடித்தேன். “குஞ்சுகள் இருக்கும்” என்றார். வளையைக் கிண்டிப் பார்த்துவிட்டு, வெருகல் முருகன் மேல் ஆணையாக ஒன்றுமில்லை என்றேன்.

“அப்ப எலியைத் தேடிப் பாம்பு வந்திருக்கும்.”

இப்படியும் ஒரு மனுசி இருப்பாரா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். கடலுக்குப் போகவில்லை. ‘டும்’ கேட்டதும் சின்னம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாரையும் முந்திப் பங்கருக்குள் பாய்ந்தார். நான் விட்ட எலியோ, அதன் ஒன்றுவிட்ட சகோதரமோ, ஒன்று அவர் பாதத்தின் மேலே ஏறி ஓடியது.

“சின்னம்மா, எலி!” என்று நான்தான் அலறினேன்.

“ஓம், பார்த்தனான். பாவம், அதுவும் எங்க போறது?”

சித்தப்பா போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். “இவளுக்கு எலிப் பயமெண்டு ஆர் சொன்னது? நெல்லு மூட்டையில எலி பிடிக்கிறதே இவள்தானே!”

என் முயற்சியால்தான் சின்னம்மாவின் பயம் தெளிந்தது என்று அந்தக் கதையையும் ஊருக்குள் பரப்பினேன். பெருமை தாங்கவில்லை.

காய்ச்சல் மாறி, சித்தப்பா மறுபடி கடலுக்குப் போனார். அன்று காலையும் ‘டும்’ கேட்டது. சின்னம்மா பழையபடி வாசலில் நின்றார்.

“எலி இல்லை, வாங்கோ சின்னம்மா!” என்று சேலையைப் பிடித்து இழுத்து அழுதேன்.

“இருக்கு. நீ போய் வடிவாத் தேடிப் பார்” என்று என் தலையைக் குனியவைத்து உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி ஒழுங்கையைப் பார்த்தார்.

வெளியே ஷெல் விழ விழ, நான் ஒவ்வொரு வளையாகக் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.