தமிழ் நிரல்

"ஒங்க லயத்துக்கே பேரு இல்ல பாப்பா. நீ போயி ஊர் ஊராப் பேரு போடப் போறியா?"

இப்படிக் கேட்டவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். வேலைக்கு விண்ணப்பிக்க, நான் அந்தத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் தேவைப்பட்டது. அதற்காக அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன். கதிரை இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவருடைய மகள், கணினியில் நாட்டின் வரைபடத்துக்கு இடப்பெயர் ஏற்றும் வேலைக்குப் போவாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கடிதத்தை வாங்கி வாசித்தேன். என் பிறந்த ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தார். அதைக் காட்டி, வேறு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்.

அவர் சொன்னது பொய். தொழிலாளர்கள் குடியிருக்கிற எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயங்களுக்கு, பெயர் இருக்கிறது. பீலிமேடு. மலையிலிருந்து வரும் தண்ணீர் விழுகிற பீலிக்கு மேலே இருக்கிற மேடு என்பதால் அந்தப் பெயர். அந்தக் காலத்து மூங்கில் பீலி போய், இப்போது பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. பெயர் போகவில்லை. சடங்கு வீட்டுக்கு அழைக்கிறவர்களும், யட்டியாந்தோட்டை பஜாரில் திரீவீல் பிடிக்கிறவர்களும், மாதா கோயில் பூசையில் செத்தவருக்காகச் செபிக்கிற சாமியாரும் பீலிமேடு என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துக்கு வேறு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது போதுமான இடங்களில் எழுதியிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆனால் சிங்களம் அவள் வாயில் தண்ணீராக ஓடும். நான் உயர்தரத்தில் புவியியல் படித்து, பிறகு வரைபடக் கணினிப் படிப்பு ஒன்றும் படித்தேன். வேலை கிடைத்ததும் இரத்தினபுரியில் ஒரு போர்டிங்கில் அறை எடுத்துக்கொண்டேன்.

அலுவலகம் ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. கீழே தெருவில் மாணிக்க வியாபாரிகள் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேலே நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பட்டியலில் மூன்று நிரல்கள்: சிங்களம், தமிழ், ஆங்கிலம். அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ் நிரல் முழுக்க என் பொறுப்பு. இரண்டு மாவட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் என் விரல் வழியாகத்தான் போகும் என்ற நினைப்பில், முதல் மாதம் பஸ்ஸில் கூட நிமிர்ந்துதான் உட்கார்ந்து போனேன்.

பிறகுதான் வேலை என்னவென்று விளங்கியது. தமிழ் நிரலில் தமிழர்கள் சொல்லுகிற பெயர் வராது. சிங்கள நிரலில் உள்ளதைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். சிங்கள ஊர்களுக்கு அப்படி எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றின் பெயர் அதுதான். தோட்டங்கள் வந்தபோதுதான் கை தயங்கியது. கலவானப் பக்கத்தில், தமிழர்கள் மட்டுமே குடியிருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, அவர்களில் ஒருவர் வாயிலும் ஒருநாளும் வராத ஒரு பெயரை, தோட்டம் என்று பொருள்படும் 'வத்த' என்ற சிங்களச் சொல்லில் முடித்து, அவர்களுடைய எழுத்திலேயே அடித்து வைத்தேன். அலுவலக மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "ஹரி, நங்கி" என்றார். சரி தங்கச்சி என்று அர்த்தம். அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அதுவும் ஒரு கஷ்டம். கத்துகிற மனிதரிடம் கோபப்படுவது எளிது.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு தோட்டம் முழுவதுக்கும் ஒரே புள்ளி. அது அனேகமாக ஸ்டோர் மேல், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல், இருக்கும். தோட்டத்தின் பிரிவுகளும் லயங்களும் பகுதிகள் என்று கணக்கு. பகுதிக்குத் தனிப் புள்ளி கிடையாது. ஊர் என்றால்தான் புள்ளி. ஊர் என்று எப்படித் தீர்மானிப்பது? உள்ளூர் வழக்கில் அதற்குத் தனிப் பெயர் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகக் குழு நேரில் போய்க் கேட்கும்போது அங்குள்ளவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். இரத்தினபுரிக்குப் பக்கத்தில் மாணிக்கக் குழிகள் இருந்த ஒரு வயலுக்கு அப்படி ஒரு புள்ளி கிடைத்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் பெயரைச் சொல்லி, அது எப்படி வந்தது என்று சண்டையும் பிடித்தார்களாம். குழு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. அதன் தமிழ் நிரலை நிரப்பியதும் நான்தான். ஒரு குடும்பமும் குடியிருக்காத குழிகள் அவை.

இதெல்லாம் எனக்கு அலுவலக விஷயமாகத்தான் இருந்தது, அப்பா விழுகிற வரைக்கும்.

விடியற்காலையில் பால் வெட்டப் போனவர், மரத்தடியில் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு விழுந்தார். அம்மா எனக்குப் போன் எடுத்தாள். நான் போர்டிங்கிலிருந்தே அம்புலன்ஸுக்குச் சிங்களத்தில் பேசினேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். கண்டுபிடித்துவிட்டோம், வருகிறோம் என்றார்கள். அவர்கள் எதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்டோர் மேல் இருக்கிற புள்ளியை. அங்கே போகாதீர்கள், பாலத்துக்கு முந்திய சந்தியில் திரும்புங்கள், ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வாகனப் பாதை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாரதியிடம் சொல்கிறோம் என்றார்கள். அம்புலன்ஸ் ஸ்டோர் வாசலில் போய் நின்றது. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் அப்பாவைப் போர்வையில் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் பால் ஏற்றுகிற லொறியில்தான் அவரைக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அப்பா உயிரோடு இருக்கிறார். வலது கை பால் கத்தியைப் பிடிக்காது.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போய், பீலிமேட்டுக்குப் புதுப் புள்ளி ஒன்றைப் போட்டேன். தமிழ் நிரலில் பீலிமேடு. சிங்கள நிரலிலும் பீலிமேடு, சிங்கள எழுத்தில். மூலம் என்ற இடத்தில் 'உள்ளூர் வழக்கு' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். தமிழ் நிரல் சிங்களப் பெயரைப் பின்பற்றுவதுதான் முறை, இங்கே சிங்களம் தமிழைப் பின்பற்றுகிறதே என்றார். குழி வயலுக்கு என்ன விதியோ அதேதான் இதற்கும் என்றேன். நியாயமான மனிதர்தான். அப்படியானால் நேரில் போய்க் கேட்போம், நீயும் வா, ஆனால் தரவு ஏற்றியவர் அங்கே வாய் திறக்கக் கூடாது என்றார். சரி சேர் என்றேன்.

ஜீப் வருகிற விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்துப் பெற்ற பெயர் என்று ஒருவரும் பேசக் கூடாது என்ற வீம்பு. சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கும் என்று நினைக்கவுமில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் அவர்கள் வாயில் புழங்குகிற பெயர் அது.

ஜீப் லயத்துக்குக் கீழே நின்றது. மேற்பார்வையாளரும் இன்னொருவரும் இறங்கினார்கள். நான் பின்னால் இறங்கி நின்றேன். ஒட்டுப்பால் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்தார். இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அக்கா தோட்டத்தின் பெயரைச் சொன்னார், கம்பெனிப் பலகையில் இருக்கிற மாதிரியே. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். வேறு ஏதாவது சொல்வீர்களா என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கேட்டார். இல்லை சேர், வேறு ஒன்றுமில்லை என்று அவசரமாகச் சொன்னார், ஏதோ திருட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லயத்தில் வாகனத்தில் வருகிறவர் பெயர் கேட்டால் ஒப்பீசுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் அது தெரியும். பெயர் கேட்டு வருகிறவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருவார்கள். பீலிமேடு எங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. நானும் அங்கேதான் வளர்ந்தேன். அலுவலக விதியை நம்பி, இதை மறந்துபோனேன்.

மூன்றாவதாக அம்மா வந்தாள். பீலியிலிருந்து வாளியோடு ஏறி வந்தவள், என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கேட்டார்.

"மே இஹல கொட்டஸ, மஹத்தயா," என்றாள். இது மேல் பிரிவு, ஐயா. கச்சேரியில், அதாவது அரசாங்க ஒப்பீசில், வேலை செய்கிறவள் மாதிரிச் சுத்தமான சிங்களம்.

அவர் குறித்துக்கொண்டார். நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. இவர் என் அம்மா என்று சிங்களத்தில் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துப்போனது. மேற்பார்வையாளர் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார், நல்ல மகளைப் பெற்றிருக்கிறீர்கள் என்றார். ஜீப் கீழே இறங்கும்போது என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"நங்கி, உங்கள் அம்மாவே சொல்லிவிட்டாரே."

மறுநாள் புள்ளியை நீக்கினார்கள். தோட்டத்துப் புள்ளியின் கீழே, பகுதிகள் என்ற இடத்தில், தமிழில் ஒரு பெயர் சேர்க்கச் சொன்னார்கள். 'இஹல கொட்டஸ' என்று தமிழ் எழுத்தில் நானே அடித்தேன். தமிழ் நிரல் என் பொறுப்பல்லவா.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"நீ அந்த ஐயாமாரோட எறங்கி நிக்கிற. பீலிமேடுன்னா லயம்னு தெரிஞ்சிரும். ஒன்ன லயத்துப் புள்ளன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நான் லயத்துப் புள்ளதானே. அது அங்க எல்லாருக்கும் தெரியும்மா."

"தெரியும்னா எனக்கு ஏன் சொல்லல?"

நான் எப்படி நிமிர்ந்து நிற்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், அந்த நிமிர்வைக் காப்பாற்ற என்னைத் தெரியாதவளாக நடித்திருக்கிறாள். சோறு ஆறிப்போனது. உள்ளே அப்பா இடது கையால் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

புள்ளியை நீக்கினால், அந்த இடத்தில் குடியிருக்கிறவர் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். கொடுத்தால் குழு இன்னொரு முறை வந்து கேட்க வேண்டும். லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பெரிய கிளாக்கர் விசாரித்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். பக்கத்துக் காம்பரா அண்ணன், "ஏன் தங்கச்சி, பேரு போட்டா அந்தப் பைப்புல தண்ணியும் கூட வருமா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவைப் போர்வையில் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதை ஞாபகப்படுத்தினேன். சிரிப்பை நிறுத்தினார், ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ஒருக்கா சொன்னதை மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்பார்கள், அதுவும் மகளுடைய ஒப்பீசு ஐயாவிடம் என்றாள்.

மீதி நான்தான். ஆனால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர் அலுவலகத்தின் தரவை எதிர்த்து மனு கொடுக்க முடியாது. மேற்பார்வையாளர் இதை அன்பாகவே விளக்கினார். ஒரு பெயருக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். ஒரு பெயருக்காக இல்லை சேர், ஒரு சந்தியில் சரியாகத் திரும்புவதற்காக என்றேன். அவருக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் ஒன்றும் மாறவில்லை.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புது ஒப்பந்தத்தை மேசைக்குக் கொண்டுவந்து தந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "படிச்ச திமிரு" என்றாள். அப்பாவின் சம்பளம் நின்றுபோன வீட்டில் அவள் வேறு என்ன சொல்வாள்? திமிர்தான். அது இல்லாமல் நான் பள்ளிக்கூடத்தையே முடித்திருக்க மாட்டேன்.

போர்டிங்கைக் காலி செய்துவிட்டேன். யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை எடுத்திருக்கிறேன். கத்தியை எடுத்துக்கொண்டு அப்பாவின் மரங்களுக்குப் போவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இரத்தினபுரியை விட்டு வந்த அன்று, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அலுவலகத்தின் முன் கவுண்டரில் மனுவைக் கொடுத்தேன். முந்தின நாள் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான் அதை வாங்கி முத்திரை குத்தினாள். மறுபடி குழு எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது அக்கே, மழை விட்ட பிறகு என்றாள். வரட்டும். நான் லயத்தில்தான் இருக்கிறேன். இந்த முறை என்னிடமும் கேட்டாக வேண்டும்.