மூன்று வயது கூடியவள்

பெங்களூரில் நான் எண்ணைப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறேன். ஒன்பதாவது வரை தமிழில் நன்றாகப் படித்தவள். ஆனால் தொம்மலூர் நிறுத்தத்தில் கன்னடப் பலகை புரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கும்போது எழுத்தறியாதவளாகிவிடுகிறேன். பிழைக்க வந்த பலருக்கும் இந்தக் கூச்சம் தெரிந்திருக்கும்.

வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் துப்புரவு வேலை. சூப்பர்வைசராக வேண்டுமென்றால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கான மாலை வகுப்புக்கு அரசே கட்டணம் கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, உடன் வேலை செய்யும் மஞ்சுளாவை அழைத்துக்கொண்டு பெயர் பதியப் போனேன். கன்னடக்காரி, தமிழும் பேசுவாள்.

“வயஸ்ஸு எஷ்டு?” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

“நலவத்நாலு” என்றேன். நாற்பத்து நான்கு.

அவர் ஆதார் அட்டையைப் பார்த்தார். “சுள்ளு ஹேளபேடி.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். மஞ்சுளாதான் காதோரம் சொன்னாள்: “பொய் சொல்லாதீங்கன்றாரு அக்கா. கார்டுல நாப்பத்தேழு இருக்குது. நாப்பத்தஞ்சு வரைக்கும்தான் கவர்மென்ட் கட்டுமாம். அதுக்கு மேல ஜாஸ்தின்னா நம்ம காசு.”

நான் சொன்னது உண்மை. ஆம்பூரில் நான் பத்தாவது தொடங்கியபோது அப்பா படுத்த படுக்கையானார். ஷூ கம்பெனியில் பதினெட்டு ஆகாதவர்களை எடுக்க மாட்டார்கள். ரேஷன் கார்டில் என் வயதோடு மூன்றைக் கூட்டி எழுத வைத்தார் அப்பா. அழுதேன். “மூணு வருசந்தானம்மா, எங்க போயிடப்போவுது?” என்றார். அந்த வயதே ஆதார் வரை என்னோடு வந்துவிட்டது.

இதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால், செத்துப்போன அப்பா பொய்யராவார். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.

“மறந்துட்டேன்னு சொல்லு மஞ்சு.”

வெளியே வந்ததும் அவள், “சொந்த வயச யாராச்சும் மறப்பாங்களாக்கா?” என்றாள். பஸ் எண்ணைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

சம்பளத்தில் கட்டிச் சேர்ந்தேன். முதல் நாள், அரசு உதவி பெறுகிறவர்களுக்கு மட்டும் புத்தகம் கொடுத்தார்கள். என் கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டேன். பிறகு ஆசிரியர் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக “எஸ் சார்” என்றார்கள். என் பெயர் கடைசியில் வந்தது. எழுந்து நின்றேன். எத்தனையோ வருடங்களாக வாயில் வராத சொல் தானாக வந்தது.

“உள்ளேன் ஐயா.”

ஆசிரியர் என்னவென்று புரியாமல் நிமிர்ந்தார். “ஏனு?”

கன்னடத்தில் ‘இருக்கிறேன்’ என்பதற்கு என்ன சொல் என்று தேடியபடி நின்றுகொண்டிருந்தேன்.