பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஒரு வாசகம்

இருபது வருடம் விளம்பர வாசகங்கள் எழுதி, கிரியேட்டிவ் டைரக்டர் ஆகியிருந்தேன். மைசூரு விஜயநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, யார் யாரோ கேட் முன்னால காரை நிறுத்திட்டுப் போயிடறாங்க. என் வண்டிய வெளிய எடுக்க முடியறதில்லீங்க. ஒரு போர்டு எழுதிக் குடுங்க."

வெறுமனே 'நோ பார்க்கிங்' என்று எழுத என் தொழில் கௌரவம் இடம் தரவில்லை. இரண்டு நாள் யோசித்துக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'உள்ளே ஒரு கார் இருக்கிறது. அதற்கும் ஊர் சுற்ற ஆசை.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு காரும் இரண்டு ஸ்கூட்டர்களும் நின்றன. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போர்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க விளம்பரம் நல்லாத்தான் வேலை செய்யுதுங்க தம்பி," என்றார் அவர், கையில் கார் சாவியோடு.

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மிகவும் சிரமப்பட்டேன்.

மறுநாளே போர்டைக் கழற்றிவிட்டு, கேட் முன்னால் இரண்டு பெரிய பூந்தொட்டிகளை வைத்தார். அதன்பிறகு அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை. அவர் காரை எடுக்கும்போதெல்லாம் தொட்டிகளை நகர்த்த என்னைத்தான் கூப்பிடுகிறார். நானும் மறுபேச்சில்லாமல் போகிறேன்.